வேம்புக்குத் தொண்ணூறு நாள்

மார்ச் 22, ஞாயிறு

இந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற நான் ஏன் பெயர் கொடுத்தேன்? தெரியவில்லை. நாலைந்து காரணங்களை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சாலையை அகலமாக்கப் பன்னிரண்டு மரங்களை வெட்ட உத்தரவாகியிருக்கிறது. கோயம்புத்தூர் முழுக்க மரம், குளம், பறவை என்று அலைகிற ஒரு சிறு குழு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஒரு வேம்பை மட்டும் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட அனுமதி வாங்கியிருக்கிறது. மூன்று மாதத்தில் அது துளிர்த்தால் மற்ற பதினொன்றையும் இப்படியே பெயர்க்கலாம். துளிர்க்காவிட்டால் பதினொன்றுக்கும் ரம்பம்.

காலை ஆறரைக்குக் கிரேன் வந்தது. கிளைகளை முன்பே கழித்துவிட்டிருந்தார்கள். வேர்ப்பந்தைச் சாக்குப்பையால் சுற்றித் தூக்கியபோது மரம் அந்தரத்தில் ஒருமுறை திரும்பியது. இடுப்பு உயரத்தில் பட்டை பெயர்ந்த இடம் என் பக்கம் வந்தது. நான் நகர்ந்து கிரேனுக்கு மறுபக்கம் நின்றுகொண்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூங்காவுக்கென்று விட்டிருக்கும் காலியிடத்தில் நட்டார்கள். கரிசல் மண். லேத் பட்டறை வைத்திருக்கும் நாச்சிமுத்து என்பவர்தான் குழுவுக்குத் தலை. அறுபது இருக்கும். ஒரு நோட்டை நீட்டினார்.

"தண்ணி ஊத்த ஆள் வேணுமுங்க. பேர் எழுதறவங்க எழுதலாம். படம் புடிச்சுப் போட்டுட்டுக் காணாமப் போறவங்க எழுத வேண்டாமுங்க."

அவரையும் சேர்த்து நான்கு பேர் எழுதினோம். நான்காவது நான்.

மார்ச் 24, செவ்வாய்

குழுவின் விதிகள்: செவ்வாயும் சனியும் மட்டும் தண்ணீர். முறைக்கு இருபது குடம். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் கூடாது என்று விவசாயம் படித்த ஒருவர் சொல்லியிருக்கிறாராம். ஊற்றியதும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். என் முறை இரண்டு வாரத்துக்கு ஒரு சனி.

எனக்கு நம்பிக்கை இல்லை. நாற்பது வயது மரத்தைப் பிடுங்கி நட்டால் பிழைக்குமா? நூறில் எத்தனை பிழைத்தன என்று நாச்சிமுத்துவிடம் கேட்டேன்.

"கணக்குப் பாத்தா நட முடியாதுங்க மேடம்" என்றார்.

அது பதில் இல்லை.

ஏப்ரல் 4, சனி

இருபது குடம் ஊற்றினேன். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். மதியம் தூங்கினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதினொரு மரங்களையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஜுலைகா இழுத்துக்கொண்டு போனாள். நோட்டில் பெயர் எழுதியவர்களில் ஒருத்தி, தையல் கடை வைத்திருக்கிறாள். வியாழனும் வெள்ளியும் விடாமல் பேசுவாள், மற்ற நாட்களில் கொஞ்சம் அதிகமாகப் பேசுவாள்.

ஏழு வேம்பு, நான்கு தூங்குமூஞ்சி. தூங்குமூஞ்சி மரங்களில் கொக்குகள் கூடு கட்ட ஆரம்பித்திருக்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாக இருந்து, பறந்தால் வெள்ளையாகத் தெரியும் மடையான் கொக்குகள். கீழே தார்ச்சாலை சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. டீக்கடைக்காரர் பாத்திரங்களுக்கு மேல் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்.

"ஏனுங்க, இந்த மரத்தை எப்பத்தான் வெட்டுவாங்க?" என்று எங்களையே கேட்டார். "ஒரு ஆளு நல்ல சட்டை போட்டுட்டு நம்ம கடைக்கு வர முடியறதில்லீங்க."

"உங்க டீக்கு நல்ல சட்டை எதுக்குண்ணா?" என்றாள் ஜுலைகா.

சிரித்துக்கொண்டே எங்களுக்கு டீ கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

திரும்பும்போது வேம்பு இருந்த குழியைக் கடந்தோம். ஜல்லி கொட்டி மூடியிருந்தார்கள். ஜுலைகா, "அக்கா, உங்களுக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டாள். சைலண்டில் போட்டிருக்கிறேன் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஆகஸ்டிலிருந்து என்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

மில்லில் நான்கு லாட் பஞ்சைத் திருப்பி அனுப்பினேன். ஈரம் அதிகம். முப்பது வயதில் எம்.எஸ்ஸி. வேதியியல் சான்றிதழோடு பரிசோதனைக் கூடத்தில் நுழைந்தவள் நான். இப்போது கருவிக்கு முன்பே என் விரல் சொல்லிவிடும்.

பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி மரத்தைப் பார்க்கப் போனேன். என் முறை இல்லை. மேல்மண் வெடித்திருந்தது. எட்டுக் குடம் ஊற்றினேன். படம் எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மகள் அபிராமி வீடியோவில் பேசினாள். பெங்களூரில் மழையாம். சனிக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். எந்த மரம் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

"அப்பா மோதுன மரத்துக்கா தண்ணி ஊத்துற?"

"ஆமா."

"உனக்கு என்னம்மா ஆச்சு? அந்த மரம் ரோட்டுல நீட்டிட்டு இருந்ததாலதானே அப்பா செத்தாரு. நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"வெட்டிப் போட்டிருந்தா நான் வந்து பாத்திருப்பேன்" என்றாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். கீரை வாங்கி இரண்டு நாளாக அப்படியே கிடக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

பத்துக் குடம்.

ஏப்ரல் 30, வியாழன்

பத்துக் குடம். மண் காய்ந்திருக்கவில்லை. ஊற்றினேன்.

மே 10, ஞாயிறு

நாச்சிமுத்துவின் பட்டறையில் கூட்டம். தண்ணீர் ஊற்றும் நால்வரில் இன்னொருவர் பெனடிக்ட், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அவரும் வந்திருந்தார். மரத்தில் இன்னும் ஒரு துளிரும் இல்லை. ஐம்பது நாள் ஆகிவிட்டது.

நாச்சிமுத்து தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய நகல்களைக் கொண்டுவந்திருந்தார். சாலை விரிவாக்கக் கோப்பு எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்கத்தான். முதல் தாள் ஒரு பெண் போன அக்டோபரில் கொடுத்த மனு. பெயரையும் முகவரியையும் மையால் மறைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"'சாலையின் விளிம்பை ஆக்கிரமித்து நிற்கும் மேற்படி வேப்பமரமே என் கணவரின் உயிரிழப்புக்கு நேரடிக் காரணம். இனியொரு குடும்பத்துக்கு இந்நிலை நேராதிருக்க, இதையும் இதே வரிசையிலுள்ள பிற மரங்களையும் உடனடியாக அகற்ற வேண்டும்.'"

"மரம் என்ன ஓடி வந்தா இடிச்சுது?" என்றாள் ஜுலைகா.

"ச்சு. பாவமுங்க, புருசனப் பறிகொடுத்தவ" என்றார் நாச்சிமுத்து. "ஆனா இந்த ஒத்தத் தாள்தான். இதுக்கு மேலதான் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

பெனடிக்ட் தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லாப் படிச்சவங்க எழுதுனது. 'நேராதிருக்க'ன்னு யாருங்க இப்பல்லாம் எழுதறா?"

என்னைப் பார்த்து, "இல்லீங்களா மேடம்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

மே 12, செவ்வாய்

தலைவலி. மில்லுக்கு விடுப்பு. கீரையைக் குப்பையில் போட்டேன்.

மே 16, சனி

என் முறை. இருபது குடம். கடைசிக் குடம் கீழே இறங்கவில்லை, குளம் போல நின்றது. குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். புளித்த வாடை. விரலுக்குள் அது இருந்த விதம் எனக்குத் தெரியும். ஒரு லாட் பஞ்சாக இருந்தால் அந்த நிமிடமே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கையைக் கழுவினேன். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பெனடிக்ட் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார்.

மே 21, வியாழன்

பத்துக் குடம்.

மே 30, சனி

ஜுலைகா பதினொரு மரங்களின் கூடுகளை எண்ணி அனுப்பியிருக்கிறாள். நான்கு தூங்குமூஞ்சிகளில் தொண்ணூற்றாறு கூடுகள். குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டன. பறக்க ஆகஸ்ட் ஆகிவிடுமாம். 'ஜூன்ல துளிர்க்கலேன்னா குஞ்சோட வெட்டுவாங்கக்கா' என்று எனக்குத் தனியாக ஒரு செய்தி.

பார்த்தேன். என் முறைக்கான இருபது குடத்தை ஊற்றப் போனேன்.

ஜூன் 4, வியாழன்

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

சாரல் பெய்துகொண்டிருந்தது. வழக்கம்போல ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி மாலை ஐந்தரைக்குப் போனேன். குழாயடியில் பெனடிக்ட், இரண்டு கையிலும் குடம். என்னைப் பார்த்ததும் குடத்தைப் பின்னால் மறைத்தார். ஆறடி ஆள், பிளாஸ்டிக் குடத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க."

"நானும்தான்."

இரண்டு நிமிடத்தில் நாச்சிமுத்துவின் டிவிஎஸ் வந்தது. பின்னால் இரண்டு கேன்கள் கட்டியிருந்தன. வண்டியை நிறுத்தாமலே எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு வட்டம் அடித்துத் திரும்பப் பார்த்தார். கேன் ஒன்று அவிழ்ந்து விழுந்தது.

"பட்டறைக்குத் தண்ணி வேணும்னு..." என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார்.

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஜுலைகாவின் குரல். "ஏனுங்கண்ணா, பட்டறைக்குத் தண்ணி எடுக்க மரத்துக்கா வருவாங்க?" அவள் எங்களுக்கு முன்பே வந்து பதினைந்து குடம் ஊற்றிவிட்டிருந்தாள்.

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு பெனடிக்ட். கடைசியில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

"சரி, யார் யார் என்னைக்கு என்னைக்கு? பொய் சொல்லாமச் சொல்லுங்க" என்றார் நாச்சிமுத்து.

அவர் திங்களும் வியாழனும். மற்றவர்கள் படம் போடத்தான் ஊற்றுகிறார்கள், மனசோடு ஊற்றுவதில்லை என்று நினைத்தாராம். பெனடிக்ட் தினமும் ஓடும்போது நான்கு குடம். ஜுலைகா வெள்ளி, ஞாயிறு, இப்போது வியாழனும். "டவுன் ஆம்பளைங்க குடம் தூக்குவாங்களான்னு ஒரு சந்தேகந்தான்" என்றாள். நான் வியாழன் என்றேன். ஆளுக்கொரு நேரத்தில் வந்து போனதால் இதுவரை யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வாரத்துக்கு நாற்பது குடம் போதும் என்று சொன்ன மரத்துக்கு நூற்றைம்பது குடம் போயிருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பாமல்.

சிரிப்பு நின்றுவிட்டது. நாச்சிமுத்து டிவிஎஸ்ஸிலிருந்து கடப்பாரையை எடுத்து ஓரத்தில் ஓரடி தோண்டினார். கறுப்பாகத் தண்ணீர் ஊறி வந்தது. ஒரு வேரை இழுத்தார். தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது.

"சாவடிச்சுட்டமுங்களே" என்றார்.

ஜுலைகா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "யாருக்குமே தெரியலியே. வாடை வந்திருக்குமே?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "மே பதினாறாம் தேதியே தெரியும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்புறம் ஏங்க்கா ஊத்துனீங்க?"

ஊற்றிய தண்ணீரில் மரம் பிழைக்க எவ்வளவு, அது சாக எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 6, சனி

சுற்றிலும் வாய்க்கால் வெட்டினோம். மணல் ஒரு வண்டி. யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை. மண்வெட்டியைக் கேட்டால் கொடுத்தார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

துளிர் இல்லை. காஸ் தீர்ந்தது. புதிதாகப் பதிந்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

தொண்ணூறு நாள் நேற்றோடு முடிந்தது. புதன்கிழமை பத்து மணிக்குப் பொறியாளர் வந்து பார்ப்பார். மரம் வெட்டும் ஆட்கள் அன்றே சாலையில் தயாராக இருப்பார்களாம்.

சாலைக்குப் போனேன். குஞ்சுகளின் சத்தம் டீக்கடை வரை கேட்கிறது. தொண்டையில் எதையோ வைத்து உருட்டுவது போல ஒரு சத்தம். தாய்க்கொக்கு வந்தால் எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நீட்டுகின்றன. ஒரு மணி நேரம் நின்றேன். புடவையில் இரண்டு இடத்தில் எச்சம்.

ஜூன் 23, செவ்வாய்

மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிவிட்டேன். மூன்று வரி. காரணம் எழுதவில்லை. மனுக் கொடுக்கக் காரணம் வேண்டும், திரும்பப் பெற எதற்கு?

நாளை இப்படி நடக்கும்: பொறியாளர் வருவார், பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். நான் கடிதத்தைக் கொடுப்பேன். அவர் வாங்கிக் கோப்பில் வைப்பார், வெட்டு நிற்கும். அந்த மனுவை எழுதியவள் நான் என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். ஜுலைகா ஏதாவது சொல்வாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஜூன் 24, புதன்

பொறியாளர் பத்தே காலுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையாகப் பேசினார். பேனாக்கத்தியால் ஆறு இடத்தில் சுரண்டினார். ஐந்து இடத்தில் பழுப்பு. உச்சிக்குப் பக்கத்தில் ஏணி போட்டுச் சுரண்டிய இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு பச்சை.

"இதை உசுரோட இருக்குன்னு என்னால எழுத முடியாதுங்கய்யா" என்று நாச்சிமுத்துவிடம் சொன்னார். நாச்சிமுத்து தலையை ஆட்டினார். பொறியாளர் தள்ளிப்போய்ப் போனில் யாரிடமோ, "ஆமா. ஆரம்பிச்சுக்கங்க" என்றார்.

நான் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மேடம் நீங்களா?"

"ஆமா."

பின்னால் பெனடிக்ட் ஏணியை மடக்குவதை நிறுத்தியது கேட்டது.

"இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க மேடம். விபத்துக்கு மரந்தான் காரணம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப வாபஸ்னா, அப்ப வேற எது காரணம்? அத எழுதுனாத்தான் நான் நிறுத்தி வச்சு மேல அனுப்ப முடியும்."

வேறு எது காரணம் என்று அவர் கேட்டது சரியான கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜுலைகா பிறகு கால் மணி நேரம் என்றாள். அவர் பொறுமையாக நின்றார். இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தபோதுதான் எனக்குக் குரல் வந்தது.

"அவர் போன் பேசிட்டே வண்டி ஓட்டினார்."

"யார்கிட்டங்க?"

"என்கிட்ட. நான்தான் கூப்பிட்டேன். மாவு புளிச்சிருச்சு, வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்கன்னேன். ஓரமா நிறுத்துங்கன்னு நான் சொல்லல. வேற என்ன வேணும்னு கேட்டார். நான் யோசிச்சிட்டு இருந்தேன்."



"மரம் ரோட்டுல நீட்டிட்டு இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு நாலடி உள்ள இருந்தது. எனக்குத் தெரியும்."

பொறியாளர் பையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார். அவருடைய வண்டியின் பானெட்டில் வைத்து எழுதினேன். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். நாச்சிமுத்து வந்து படித்துப் பார்க்காமல் போட்டார். பொறியாளர் போனை எடுத்து நிறுத்தச் சொன்னார். எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள். "எத்தனை?" என்று கேட்டார். பிறகு எங்களிடம், "செப்டம்பர் கூட்டத்துல முடிவு பண்ணுவாங்க, அதுவரைக்கும் கை வைக்க மாட்டாங்க. ஆனா ஒரு மரத்துல ஆரம்பிச்சுட்டாங்களாம்" என்றார்.

போனோம். நான் நாச்சிமுத்துவின் டிவிஎஸ்ஸில்.

முதல் தூங்குமூஞ்சியில் சாலைப் பக்கத்து இரண்டு பெரிய கிளைகள் கீழே கிடந்தன. பெரிய கொக்குகள் மேலே வட்டமிட்டன. இலைகளுக்குள் சுள்ளிக் கூடுகள், பதினேழு. பெனடிக்ட் கிளைகளுக்கு அடியில் படுத்து நகர்ந்து குஞ்சுகளை எடுத்து எடுத்து நீட்டினார். டீக்கடைக்காரர் பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் காலி செய்து கொடுத்தார். நான் வாங்கி வாங்கிப் பெட்டியில் வைத்தேன். உயிரோடு இருபத்திரண்டு. இறந்தவை பத்தொன்பது. அவற்றை ஜுலைகா ஒரு சாக்கில் போட்டாள்.

"கால் மணி நேரம்க்கா" என்றாள் என்னிடம். அவள் சொன்னது சரி.

மதியம் மூன்றிலிருந்து அவள் தையல் கடையின் பின்னறையில் இருந்தோம். பெனடிக்ட் உக்கடம் மீன் மார்க்கெட்டில் பொடிமீன் வாங்கிவந்தார். எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அலகின் ஓரத்தில் தொட்டால் வாயைத் திறக்கும் என்று ஜுலைகா பிடித்துக் காட்டினாள். மாலைக்குள் ஐந்து இறந்தன. இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை, காலை ஐந்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். காலை முறை யாருக்கு என்று நாச்சிமுத்து கேட்டார். எனக்கு என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

அபிராமியிடம் ஏழரைக்குச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

பத்து மரங்கள் முழுசாக நிற்கின்றன. ஒன்று பாதி நிற்கிறது. பெட்டியில் பதினேழு.